மல்லாட்டைக்கு ஒரு பக்கம்

மொழியியலில் முதுகலை முடித்து, ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு மளிகைக் கடை ஒன்றின் இணையப் பக்கங்களில் என்ன வேலை என்று நண்பர்கள் இருவர் அண்மையில் கேட்டனர். ஒருவர் அக்கறையோடு கேட்டார். மற்றவர் குரலில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. இருவருக்கும் தனித்தனியே மறுமொழி சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நலம். பதிவு நீளமானது, வகுப்பு இல்லாத நாளில் படிக்கலாம்.

பணம் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நெட் தேர்வின் வழி வராத முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். முனிர்கா கிராமத்துச் சந்துகளில் வெயில் எட்டாத ஓர் அறையை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் பணத்துக்காகத் தொடங்கிய இவ்வேலை, நான் வகுப்பறையில் கற்ற பலவற்றை வேறு கோணத்தில் திருப்பிக் காட்டியது. அதைப் பற்றியே இப்பதிவு.

கடை ஆர்.கே.புரத்தை ஒட்டியது. நடத்துபவர் உடன்குடிப் பக்கத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய வணிகம் சுற்றியிருந்த மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளை நம்பியிருந்தது. 2016இல் மத்திய அமைச்சரவை தில்லியின் 7 அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் ஆகியவற்றோடு முனிர்காவுக்கு அருகிலுள்ள முகமதுபூரும் அப்பட்டியலில் இருந்தது. வீடுகள் காலியாகத் தொடங்கியதும் அண்ணாச்சியின் பற்றுவரவு நோட்டிலிருந்த பெயர்கள் துவாரகைக்கும் நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் சிதறின. போனவர்கள் நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அதை வேறு எங்கோ ஒரு செயலியில் வாங்கினார்கள். அண்ணாச்சி யாரோ ஒருவரைக் கொண்டு இணையக் கடை ஒன்றைத் திறந்தார். அது இருந்தும் இல்லாததாகவே இருந்தது. கடையின் பெயரைத் தட்டச்சிட்டால் மட்டுமே தேடுபொறியில் தென்பட்டது. கடையின் பெயரை அறிந்தவருக்கு அண்ணாச்சியின் தொலைபேசி எண்ணும் தெரியும். அவருக்கு எதற்கு இணையத்தளம்?

"தம்பி, நீங்க மொழி படிக்கிறவரு. இதுல என்ன கோளாறுன்னு ஒரு பார்வை பாருங்க" என்றார்.

கோளாறு உண்மையிலேயே மொழியில்தான் இருந்தது. சுமார் 200 பொருள்கள்; 200 பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு, அதாவது கடையின் பெயர். பொருளின் பெயர், மொத்த வணிகரின் விலைப்பட்டியலில் இருந்தபடியே ஆங்கிலப் பேரெழுத்துகளில் இருந்தது. விளக்கம் என்ற இடத்தில் எடை மட்டும். முகப்பில் எல்லாப் பொருளும் ஒரே நீண்ட பட்டியலாகத் தொங்கின. கண்ணுள்ள மனிதர் படத்தைப் பார்த்து இது கருப்பட்டி, இது வடகம் என்று கண்டுகொள்வார். தேடுபொறிக்கு முதன்மையான ஆதாரம் சொல்தான். அது இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்கிறது. படித்தவற்றைச் சொல்லடைவாகத் தொகுத்துக்கொள்கிறது. ஒருவர் கேட்கும்போது அவ்வடைவிலிருந்து எடுத்துத் தருகிறது. சங்க இலக்கியச் சொல்லடைவு ஒன்றையேனும் புரட்டிய எவருக்கும் இதன் அடிப்படை விளங்கும்: அடைவில் ஏறாத சொல்லைக் கொண்டு எந்தப் பாட்டையும் எட்ட இயலாது. ஆகவே பக்கத்தின் தலைப்பு, முதன்மைத் தலைப்புரை, இணைய முகவரி, அப்பக்கத்துக்கு வரும் இணைப்பின் சொற்கள், படத்துக்கு எழுதும் மாற்றுரை ஆகிய இடங்களில் பொருளின் பெயர் வர வேண்டும். எஸ்.இ.ஓ. என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

எந்தப் பெயர் என்பதுதான் இக்கட்டு.

நான் விருத்தாசலத்துக்காரன். எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது இன்னும் விரிந்த வடிவம். பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அண்ணாச்சிக்கு அது நிலக்கடலை. சென்னையில் வேர்க்கடலை. யாழ்ப்பாணத்து நண்பருக்குக் கச்சான். தில்லியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூங்ஃபலி. ஒரே பொருளுக்குப் பல பெயர் என்பது இது. மறுபுறம், கடலை என்ற தனிச்சொல்லைப் பாருங்கள். கடலை எண்ணெய் நிலக்கடலையிலிருந்து வருகிறது. கடலை மாவு கொண்டைக்கடலை இனத்திலிருந்து வருகிறது. கடலைமிட்டாயில் இருப்பது ஒன்று, கடலைப்பருப்பு என்பது மற்றொன்று, பொட்டுக்கடலை அதே மற்றொன்றின் வறுத்த வடிவம். தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த எவரும் இதில் தடுமாறுவதில்லை. ஆனால் சொல்லை மட்டும் கண்டு வகைப்படுத்தும் எந்திரம் இவை அனைத்தையும் ஒரே கூடையில் போட இடமுண்டு. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் தாய் கடலை மாவு வாங்கலாமா என்று ஐயுறும்போது, இது சொற்பொருளியல் வகுப்பின் எடுத்துக்காட்டாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

நம் மரபில் இவ்விரு சிக்கலுக்கும் இரு வேறு நூல்வகைகள் இருந்தன. நிகண்டு பொருளை முதலில் வைத்து, தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர்களை அடுக்கும். அகராதி சொல்லை முதலில் வைத்து எழுத்து வரிசையில் செல்லும். 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி இரண்டையும் ஒரே நூலின் வெவ்வேறு பகுதிகளாக்கியது: ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருவது ஒரு பகுதி, ஒரு பொருளின் பல பெயர்களைத் தருவது மற்றொரு பகுதி. இணையக் கடைக்கும் இரண்டும் வேண்டும். எண்ணெய், பருப்பு, மாவு, இனிப்பு என்று செல்லும் வகைப்பக்கங்கள் அதன் நிகண்டு. தேடல் பெட்டி அதன் அகராதி. இவ்விரண்டையும் குழப்பி, கடலை என்ற பெயரில் ஒரு வகைப்பக்கத்தைத் திறந்தால் எண்ணெயும் மாவும் மிட்டாயும் அங்கே கலந்து கிடக்கும்.

எஸ்.இ.ஓ. தொழிலில் இருப்போர் சிலர் வேறொரு வழியைப் பரிந்துரைத்தனர்: நிலக்கடலைக்கு ஒரு பக்கம், வேர்க்கடலைக்கு ஒரு பக்கம், மல்லாட்டைக்கு ஒரு பக்கம் என்று பெயருக்கொரு பக்கம் திறந்துவிடுங்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரே பொருள், ஒரே விலை, ஒரே படம் கொண்ட ஐந்து பக்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும். தேடுபொறி அவற்றுள் ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு ஏனையவற்றை ஒதுக்கும். இத்தகைய இரட்டிப்புகளைத் தீர்க்கவே 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் கேனானிக்கல் என்ற குறிப்பை ஏற்றுக்கொண்டன. இவற்றுள் மூலப் பக்கம் இதுவே என்று தளத்துக்காரரே சுட்டும் ஏற்பாடு அது. சுவடிப் பதிப்பில் பல படிகளைக் கண்டவர் மூலபாடம் என ஒன்றைக் கொள்வதை ஒத்தது. நான் பெயருக்கொரு பக்கம் திறக்கவில்லை. ஒரே பக்கம், ஒரு தலைச்சொல், ஏனைய பெயர்கள் அதன் உடலில்.

பழைய காலத்தில் மாற்றுப் பெயர்களை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பார்கள். தேடுபொறிகள் அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்கக் கற்று நெடுநாளாகிறது. குறிச்சொற்களுக்கென்று இருந்த தனி மெட்டா வரியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. எஞ்சும் வழி, வாசிக்கத்தக்க உரைநடை ஒன்றே. "நிலக்கடலை. வடமாவட்டங்களில் வேர்க்கடலை, தென்னார்க்காட்டில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை, ஈழத்தில் கச்சான். தோலோடு வறுத்தது. கடலை மாவு இதிலிருந்து செய்யப்படுவதில்லை." இப்படி ஒரு குறிப்பு எழுதினேன். எழுதி முடித்த பிறகு பார்த்தால், அது ஓர் அகராதிப் பதிவு. தலைச்சொல், வட்டாரக் குறிப்பு, வேறுபடுத்தும் குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு ஓர் அகராதி தொகுத்தபோது கையாண்ட பொருள்களில் பாதி, ஒரு மளிகைக் கடையில் கிடைப்பவையாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் அண்ணாச்சிக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. மல்லாட்டையைச் சேர்ப்பதில் அவருக்குத் தடை இல்லை. அது வீண் வேலை என்று மட்டும் எண்ணினார். அவருடைய மகள் கல்லூரியில் வணிகம் படிப்பவள். தேடல் எண்ணிக்கை காட்டும் கருவி ஒன்றைத் திறந்து, நாங்கள் பார்த்த அன்று அச்சொல்லுக்கு எதுவுமே காட்டவில்லை என்பதை எடுத்துக்காட்டினாள். யாருமே தேடாத சொல்லுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்?

இக்கேள்வி நியாயமானது. ஆனால் அச்சுழியம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தளத்துக்கு வந்தவர்கள் எச்சொற்களைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல், இரண்டு மூன்று மாதக் காலத்தில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்றொடர்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுகிறது. மொத்த எண்ணிக்கையில் அவை இருக்கும், பட்டியலில் இருக்காது. வட்டார வழக்கு என்பது வரையறைப்படியே சிலர் வழங்குவது. அதிலும் தில்லியில் வாழும் விருத்தாசலத்தார், அவர்களுள் தமிழில் தட்டச்சிடுவோர், அவர்களுள் கடலை வாங்க இணையத்தை நாடுவோர் என்று குறுக்கிக்கொண்டே போனால் அக்கருவியின் வாசற்படியை அச்சொல் ஒருபோதும் தாண்டாது. தாண்டாததால் யாரும் அதற்குப் பக்கம் எழுதுவதில்லை. பக்கம் இல்லாததால் ஒருமுறை தேடி ஏமாந்தவர் மறுமுறை வேர்க்கடலை என்றோ ஆங்கிலத்திலோ தேடக் கற்றுக்கொள்கிறார். பிறகு கருவி காட்டும் சுழியம் உண்மையிலேயே சுழியமாகிவிடும். களப்பணிக்குப் போகும்போது, தகவலாளர் நம் முன்னால் பேசாத சொல்லை அவர் மொழியில் இல்லாத சொல் என்று எழுதிவிடாதே என்று முதல் பருவத்திலேயே கற்பிக்கிறார்கள். சந்தை ஆய்வுக்கும் அது பொருந்தும்.

அப்படியானால் பெயர்களை எங்கிருந்து திரட்டுவது? விடை கடையிலேயே இருந்தது. வாடிக்கையாளர் பலர் இன்றும் வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாகவே சாமான் சொல்கிறார்கள். அண்ணாச்சியின் இசைவோடு, அனுப்பியவர் பெயரையோ எண்ணையோ குறிக்காமல், பொருள்களுக்கு வழங்கிய சொற்களை மட்டும் நாள்தோறும் ஒரு மணிநேரம் கேட்டு எழுதினேன். ஒரு மாதத்தில் சிறு சொற்றொகுதி ஒன்று சேர்ந்தது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி என்று தெளிவாகச் சொல்லும் பாட்டிமார்கள்; மில்லட் என்று பொதுவாகச் சொல்லி எது என்று கேட்டால் திகைக்கும் மருமகள்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதன் விளைவு இது என்பது என் ஊகம்: பொதுப்பெயர் பெருகிற்று, தனிப்பெயர்கள் மங்கின. இதே பணிக்கு இன்னொரு மூலம் கடைத் தளத்தின் உள்தேடல் பதிவு. குறிப்பாக, தேடியும் எதுவும் கிடைக்காத சொற்களின் பட்டியல். எந்தக் கடைக்காரரும் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அதுதான்.

அப்பட்டியலில்தான் இரண்டாம் தலைமுறையைக் கண்டேன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 7 பள்ளிகளை நடத்துகிறது. அங்கே பயின்றவர்கள் தமிழ் எழுத்தறிவார்கள். வேறு பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலருக்கு எழுத்து தெரியாது. ஆனால் நல்லெண்ணெய் என்ற சொல் காதில் இருக்கிறது. மொழி விலகிப்போகும் குடும்பங்களில் சமையலறைச் சொற்கள் கடைசியாக வெளியேறுவதை நாம் பலரும் கண்டிருப்போம். அவர்கள் அச்சொல்லை ரோமன் எழுத்தில், காதில் விழுந்தபடி தட்டச்சிடுகிறார்கள். கருப்பட்டி என்பதில் பகரம் ஒற்றையா இரட்டையா, டகரம் ஒற்றையா இரட்டையா, ஈற்றில் ஐ எழுத்தா ஒய் எழுத்தா என்று பார்த்தாலே 8 வடிவங்கள் வருகின்றன. கொழுக்கட்டை என்றால் ழகரமும் சேர்ந்துகொள்ளும். ஐஎஸ்ஓ 15919 என்ற ஒலிபெயர்ப்புத் தரம் 2001 முதல் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் புள்ளியும் கோடும் இட்டு அதைக் கையாள்கிறோம். அப்புள்ளிகளோடு யாரும் கருப்பட்டி தேடுவதில்லை. 2020 ஜூனில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணையிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். எழுத்துக்கூட்டலை ஆணையால் மாற்றுவது கடினம். தேடுவோரிடம் அது இன்னும் கடினம். எனவே மிகுதியாகக் கண்ட இரண்டு மூன்று ரோமன் வடிவங்களை ஆங்கிலப் பக்கத்தின் உரையில் இயல்பாக வருமாறு எழுதி, எஞ்சியவற்றைத் தளத்தின் உள்தேடலில் ஒத்தசொல்லாகச் சேர்த்தேன்.

தமிழ் எழுத்தில் தேடுவோருக்கும் இன்னல் உண்டு. வாரம் ஒருமுறை தெற்கிலிருந்து வரும் காய்களில் சௌசௌ ஒன்று. சகரத்தோடு ஔகாரக் குறியை இட்டு எழுதுவோரும், ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு எழுதுவோரும் கிட்டத்தட்டச் சரிபாதி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறிக்கு வேறு வேறு. ஔவையாரைத் தேடும் நூற்கடைகளுக்கும் நூலகங்களுக்கும் இதே தொல்லை. மலைப்பகுதியில் அக்காய்க்கு மேரக்காய் என்றும், வேறு சிலரிடையே பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் பெயர் இருப்பது தனிக்கதை.

இணைய முகவரியில் மட்டும் நான் தமிழெழுத்தை விட்டுக்கொடுத்தேன். மல்லாட்டை என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. ஒருங்குறியில் 9 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு; முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். 5 எழுத்துச் சொல் 81 எழுத்தாகிவிடும். நல்லெண்ணெய் என்றால் 99. தேடுபொறி அதைத் தடையின்றிப் படிக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் அப்படியொரு முகவரி வந்தால் நம் அத்தைமார்கள் ஏமாற்று வேலை என்று அஞ்சி அழித்துவிடுவார்கள்.

தலைச்சொல்லாக எதை வைப்பது என்பதில் நெடுநேரம் பேசினோம். தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் அகலத்தால் அளக்கப்படுகிறது, தமிழெழுத்து அகலமானது, இரண்டு மூன்று சொல்லுக்குப் பின் தலைப்பு அறுந்துபோகும். முதலில் வருவதே நிற்கும். மகள் ஆங்கிலப் பெயரை முன்வைத்தாள். நான் தமிழ்ப் பெயரை முன்வைத்தேன். தமிழ்ப்பற்று மட்டுமே என் வாதமன்று. ஆங்கிலப் பெயரில் இக்கடை போட்டியிடுவது நாடெங்கும் கிடங்குகள் உள்ள பெருநிறுவனங்களோடு. நல்லெண்ணெய் என்ற சொல்லில் போட்டி குறைவு, அச்சொல்லைத் தேடுபவரோ உறுதியாக வாங்க வருபவர். அண்ணாச்சி இரண்டையும் கேட்டுவிட்டு, "கடைப் பலகையில எதை மேல எழுதியிருக்கோமோ அதையே வைங்க" என்றார். பலகையில் தமிழ் மேலே இருந்தது. இப்போது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்றதைத் தன் இணைமொழிப் பக்கம் என்று சுட்டுகிறது. சுட்டுதல் இருபுறமும் இருக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் இருந்தால் தேடுபொறி அதைப் பொருட்படுத்தாது.

வடிகட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இவ்வேலையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அதுவே. எந்த இணையக் கடையிலும் இடப்பக்கத்தில் வகை, அளவு, விலை, ஊர் என்று கட்டங்கள் இருக்கும். வேண்டியவற்றைத் தெரிவு செய்தால் பட்டியல் சுருங்கும். இதற்கு ஃபேசட் என்று பெயர். இச்சொல்லை வகைப்பாட்டியலில் நிலைநிறுத்தியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் பல்பொருள் அங்காடியில் மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில பட்டைகளும் திருகாணிகளும் கொண்டு எத்தனையோ உருவங்களை அமைக்கலாம். ஒவ்வோர் உருவத்தையும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியதில்லை. நூல்களின் வகைப்பாட்டையும் அவ்வாறே உறுப்புகளாகப் பிரித்து, தேவையானபோது கோக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. 1947 முதல் சில ஆண்டுகள் அவர் இதே தில்லியில், தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கடையில் கண்ட பொம்மையிலிருந்து நூலகத்துக்குப் போன கருத்து, இன்று நூலகத்திலிருந்து கடைக்கே திரும்பியிருக்கிறது. எஸ்.இ.ஓ. பாடங்களில் அவர் பெயரை நான் ஒருமுறையும் கண்டதில்லை.

அவருடைய ஐந்து அடிப்படைக் கூறுகள் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் ஆகியன. எண்ணெய்ப் பக்கத்துக்கு அவற்றை வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் என்பது ஆளுமை. எள் அதன் மூலப்பொருள். செக்கில் ஆட்டியது என்பது ஆற்றல். எந்த ஊர் என்பது இடம். எந்தப் பருவத்து எள் என்பது காலம். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன. எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்தது. ஆயினும் எள் எண்ணெய் என்று கேட்பவர் அரிது என்பதால் மூலப்பொருளைப் பக்கம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் ரங்கநாதனின் அலமாரிக்கு இல்லாத ஓர் ஆபத்து இங்கு உண்டு. வடிகட்டியின் ஒவ்வொரு சேர்க்கையும் புதிய இணைய முகவரியை உண்டாக்கும். 5 வகை எண்ணெய், 4 அளவு, 3 தயாரிப்பாளர் என்றால் 60 சேர்க்கைகள். விலை ஏறுவரிசை, இறங்குவரிசை என 4 விதமாக அடுக்கினால் 240. கடையில் இருப்பதோ இருபது புட்டி வகை. தேடுபொறி இந்த வெற்றுச் சேர்க்கைகளுள் அலைந்து களைத்து, உண்மையான பொருள் பக்கங்களுக்கு வராமலே திரும்பிவிடும். ஆகவே மக்கள் சொல்லால் கேட்கும் சேர்க்கைகளுக்கு மட்டும் நிலையான பக்கம் தர வேண்டும். செக்கு நல்லெண்ணெய் என்று கேட்கிறார்கள். அதற்குப் பக்கம் உண்டு. 300 ரூபாய்க்குக் குறைந்த அரை லிட்டர் எண்ணெயை இறங்குவரிசையில் எவரும் ஒரு பெயரிட்டு அழைப்பதில்லை. அது வடிகட்டியாக இருந்துவிட்டுப் போகட்டும், தேடுபொறி அங்கே நுழைய வேண்டாம். எச்சேர்க்கை சொல்லாக உறைந்துவிட்டது, எது வெறும் தொடர் என்று பிரிப்பது, தொகைச்சொல் பற்றி இலக்கணத்தில் நாம் ஓயாமல் வாதிடும் கேள்வியே அல்லவா?

பிறவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முகப்பு, எண்ணெய், நல்லெண்ணெய் என்று பக்கத்தின் தலையில் வரும் தடவரி, ரங்கநாதனின் சங்கிலி முறையை நினைவூட்டுகிறது. ஒவ்வொரு கண்ணியும் மேல்வகைக்கு ஓர் இணைப்பு. இங்கே சொடுக்குக என்ற இணைப்புகளை எல்லாம் நீக்கிப் பொருளின் பெயரையே இணைப்பாக்கினேன். விலை, இருப்பு முதலியவற்றை எந்திரம் படிக்கும் வடிவில் தர, 2011இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ கூடி உருவாக்கிய ஸ்கீமா என்ற சொற்றொகுதி இருக்கிறது. அதில் வேறு பெயர் என்றே ஒரு பண்பு உண்டு, அதை மனநிறைவோடு நிரப்பினேன். இருப்பு தீர்ந்த பொருளின் பக்கத்தை அழிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். பதநீர்ப் பருவம் முடிந்து கருப்பட்டி வரத்துக் குறைந்தால், பக்கம் அப்படியே இருந்து, அடுத்து எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டியின் பக்கத்தை மட்டும் அண்ணாச்சியே எழுதினார். நான் ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தியதோடு சரி.

பெருங்கடைகளும் தமிழ் பேசத் தொடங்கிவிட்டன. ஃபிளிப்கார்ட் 2020 ஜூனிலும் அமேசான் அதே ஆண்டு செப்டம்பரிலும் தமிழ் இடைமுகத்தைத் திறந்தன. அது நல்ல முயற்சி. என் பெரியம்மா அதில்தான் பாத்திரம் வாங்குகிறார். ஆயினும் பொருளின் பெயருக்கு வரும்போது மொழிபெயர்ப்பும் ஒலிபெயர்ப்பும் கலந்த ஒரு தமிழையே பெரும்பாலும் காண்கிறேன்: ஆங்கிலத் தலைச்சொல்லுக்குத் தமிழ் எழுத்துடை. கோடிக்கணக்கான பொருள்களுக்கு வேறு வழியும் இருக்காது. 200 பொருள் உள்ள கடைக்கு அந்தச் சாக்கு இல்லை. அதன் வலிமையும் அதுவே. அண்ணாச்சியின் இணையக் கடைக்கு இப்போது அவருக்கு முன்பின் தெரியாதவர்கள் வருகிறார்கள். துவாரகையிலிருந்து ஒருவர் மல்லாட்டை இரண்டு கிலோ என்று குரல்செய்தி அனுப்பியதை மகளே எனக்கு அனுப்பிவைத்தாள், வேறு எதுவும் எழுதாமல்.

வேலை இன்னும் முடியவில்லை. பொட்டுக்கடலை, சேப்பங்கிழங்கு, சீனி அவரை, வடகம், சுண்டைக்காய் வற்றல் ஆகிய ஐந்துக்கும் என்னிடம் உள்ள பெயர்கள் போதவில்லை. உங்கள் வீட்டில் வழங்கும் பெயரையும் உங்கள் ஊரையும் எழுதுங்கள். ஈழத்து, மலேசிய நண்பர்கள் கட்டாயம் எழுத வேண்டும். ரோமன் எழுத்தில் தட்டச்சிட நேர்ந்தால் எப்படித் தட்டச்சிடுவீர்கள் என்பதையும், யோசிக்காமல், கை போன போக்கில் சேர்த்து எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.